கடைத்தேங்காயும் கார்பன் ரசீதும்

புகைக்குக் காசு கட்டிட்டியாமே, பேராண்டி? சென்னையிலேர்ந்து கொச்சிக்கு விமான டிக்கெட் எடுக்குறப்ப கீழே ஒரு கட்டம் வந்துச்சாம். அதைத் தட்டினா கூடக் கொஞ்சம் காசு. அந்தக் காசுல எங்கேயோ ஒரு தேசத்துல ஒரு மரம். ஆக, உன் பயணத்துல கார்பனே இல்ல. நல்லாருக்குடா கணக்கு! புகை போனது கொச்சி ஏர்போர்ட்டு இருக்கிற நெடும்பாசேரிக்கு மேல. மரம் நிக்கிறது பெரு நாட்டுல. புண்ணியம் மட்டும் உன் செல்போன்ல. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சவன்கூட நம்ம கண்ணு முன்னால ஒரு தேங்காயை உடைச்சான்.

நான் படிக்காதவன் மோனே. மட்டாஞ்சேரியில மிளகு மூட்டை ஏறுறதையும் இறங்குறதையும் பாத்தே கிழவனானவன். ஆனா கூட்டல் கழித்தல் தெரியும். விமான எண்ணெய் ஒரு கிலோ எரிஞ்சா மூணு கிலோவுக்கு மேல கரியமிலவாயு. ஒண்ணு எப்படி மூணாகும்னு முழிக்காத. எண்ணெயில இருக்கிற கரி, காத்துல இருக்கிற பிராணவாயுவையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. ஐரோப்பாவுலேர்ந்து ஒருத்தன் கொச்சி வந்து திரும்பினா அவன் பங்குக்கு மட்டும் ஒரு டன்னுக்கு மேல. அது இன்னைக்கே வானத்துக்குப் போயிடுது. நட்ட கன்னு வளந்து அதை உறிஞ்சணும்னா வருசக்கணக்காகும். அதுவரைக்கும் ஆடு மேயாம, தீப் பிடிக்காம, எவனும் வெட்டாம நிக்கணும். நிக்குதான்னு யாரு போய்ப் பாக்குறா? நீயா?

"நடுறது மட்டுமில்ல தாத்தா, இருக்கிற காட்டையும் காப்பாத்துறாங்க"ன்னு சொல்லுவ. அது இதைவிட வேடிக்கை. "இந்தக் காட்டை வெட்டப் போறாங்க"ன்னு முதல்ல ஒரு காகிதம் எழுதுவான். அப்புறம் "வெட்டல"ன்னு இன்னொரு காகிதம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உனக்கு விப்பான். இன்னைக்கு மூணு குப்பி கள்ளு குடிக்கிறதா இருந்தேன், குடிக்கல, காசைக் கொடுன்னு நான் கேட்டா கொடுப்பியா? இந்த மாதிரி ரசீதுக்கு முத்திரை குத்துறதுல பெரிய அமைப்பு வெரா. 2023 ஜனவரியில இங்கிலாந்து கார்டியன் பத்திரிகையும் ஜெர்மனியில ஒரு வாரப் பத்திரிகையும் சேந்து அவங்க மழைக்காட்டுக் கணக்கைத் தோண்டிப் பாத்தாங்க. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல ஏட்டுச் சுரைக்காய்னு எழுதினாங்க. நீங்க கணக்குப் போட்ட விதமே தப்புன்னு வெரா மறுத்துச்சு. அவங்க அடிச்சுக்கட்டும். சுரைக்காய்க்குக் காசு கொடுத்தவன் நீதானே?

டச்சுக்காரன் 1663-ல கொச்சியைப் பிடிச்சான். பாய்மரத்துல வந்தான். காத்துதான் அவனுக்கு எண்ணெய். மிளகை அள்ளிட்டுப் போனான், புகை விடல. இப்ப அவன் நாட்டு விமானக் கம்பெனி கே.எல்.எம். என்ன பண்ணுச்சு தெரியுமா? கூடக் காசு கட்டினா உன் பறப்போட கெடுதல் குறையும், ஈடாகும்கிற மாதிரி விளம்பரம் பண்ணுச்சு. 2024 மார்ச்சுல ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டு, இது ஜனங்களைத் தப்பாப் புரிஞ்சுக்க வைக்கிற பேச்சுன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. அவன் ஊரு நீதிபதிக்கே புரிஞ்சது உனக்குப் புரியலையேடா.

நம்ம நெடும்பாசேரி ஏர்போர்ட்டும் லேசுப்பட்டதில்ல. 2015 ஆகஸ்டுலேர்ந்து முழுக்க வெயில் கரண்டு. உலகத்துலயே முதல் ஏர்போர்ட்டுன்னு பேரு. வெயில் பிடிக்கிற தகட்டுக்குக் கீழே காய்கறி கூடப் போடுறாங்க. மெச்சத்தான் வேணும். ஆனா வெயில்ல ஓடுறது விளக்கும் ஏ.சி.யும். மேலே ஏறுற விமானம் குடிக்கிறது அதே பழைய எண்ணெய். இந்த வெயில் கரண்டுக்காக 2018 செப்டம்பர்ல ஐ.நா. விருது கைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின மாசம்தான் பெரியாறு பொங்கி, ரன்வே முங்கி, ரெண்டு வாரம் ஏர்போர்ட்டே பூட்டிக் கிடந்துச்சு. வெள்ளம் விருதைப் பாத்தா வருது?

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவுல போட்டோ எடுத்திருப்பியே. பட்டாளத்து உடுப்பு வெளுக்க டச்சுக்காரன் காலத்துல தமிழ்நாட்டுலேர்ந்து கூட்டியாந்த ஜனம், இன்னைக்கும் அங்க வெளுக்குது. கல்லுல அடிச்சு, கஞ்சியில முக்கி, வெயில்ல காயப் போடும். கொடியைக் கவனிச்சியா? ரெண்டு கயிறை ஒண்ணா முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கும். துணி முனையை அந்த முறுக்குக்குள்ள செருகிட்டாப் போதும், கடக்காத்து என்ன அடிச்சாலும் பறக்காது. கிளிப்பு கிடையாது, கரண்டு கிடையாது. அவங்களுக்கு எவனாவது பசுமைச் சான்றிதழ் கொடுத்தானா?

சரி, அந்தக் கொடியில தொங்குறது யாரு துணி? ஓட்டல் துண்டு. காலையில முகம் துடைச்சுத் தரையில போட்டது ஒண்ணு, சாயங்காலம் இன்னொண்ணு. மரத்துக்குக் காசு கட்டின மகராசன், ஏழு பேர் உக்கார்ற காருல ஒத்தையா வந்து இறங்குறான். அறையைப் பதினெட்டு டிகிரியில வச்சுட்டு, குளிருதுன்னு ரெண்டு கம்பளி கேக்குறான். மட்டாஞ்சேரிக்கே 2025 அக்டோபர்ல வாட்டர் மெட்ரோ வந்தாச்சு. பேட்டரிப் படகு. அதுல ஏறினா தலைமுடி கலைஞ்சிடுமா?

அப்ப எல்லாரும் காசு கட்டணுமான்னு கேக்குற. துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போய், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பிள்ளை முகம் பாக்க வர்றானே, அவன்கிட்டப் போய் மரக்காசு கேட்டா எனக்குக் கோவம் வரும். மாசா மாசம் காப்பி குடிக்க ஊரு ஊராப் பறக்குறவன்கிட்டக் கேளு. எப்படியும் 2027-லேர்ந்து நம்ம நாட்டு விமானக் கம்பெனிகளும், வெளிநாட்டுப் பறப்புல ஒரு வரம்புக்கு மேல போற புகைக்கு ஈடு வாங்கித்தான் ஆகணும். உலக விமானச் சபை போட்ட ஏற்பாடு. அந்தக் காசு எங்கேயிருந்து வரும்? உன் டிக்கெட்டுலேர்ந்துதான். நீ கட்டத்தைத் தட்டு, தட்டாம இரு.

கை துறுதுறுங்குதுன்னா கட்டு, வேணாம்னு நான் சொல்லல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுதான் சொல்றேன். கண்ணுக்குத் தெரியுற இடத்துல போடு. வயநாட்டுல மீனங்காடின்னு ஒரு பஞ்சாயத்து. அங்க விவசாயி தன் தோட்டத்து மரத்தைக் கூட்டுறவு பேங்குல அடமானம் வைக்கலாம். மரத்துக்கு வருசம் 50 ரூபா, வட்டியில்லாக் கடன். வெட்டினா திருப்பிக் கட்டணும். வெட்டாட்டி மரமும் அவனுக்கு, காசும் அவனுக்கு. மரம் நிக்குதான்னு வேலியோரம் நின்னு எட்டிப் பாத்தாலே தெரிஞ்சிடும். எந்த நாட்டு நிபுணனும் வேணாம்.

ஆனா கட்டிட்டேன், தீந்துச்சுன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாத. அடுத்த வாட்டி சென்னை சென்ட்ரல்ல ராத்திரி வண்டி ஏறு. காலையில எறணாகுளத்துல இறங்கி, ஹைகோர்ட்டு ஜெட்டியில படகைப் பிடி. வர்றப்ப ரசீதைக் கொண்டுவராத, உங்கப்பனைக் கூட்டிட்டு வா. அவனைப் பாத்து ரொம்ப நாளாச்சு.