மலை மேல் மீன் வறுவல்

ஆகஸ்ட் மாதத்தில் பார்கா ஊரின் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தால் காதில் விழுவது பாதி இத்தாலியன். மீதிப் பாதி, லண்டன்காரருக்கே சட்டென்று பிடிபடாத கிளாஸ்கோ ஆங்கிலம். ஊரில் சிவப்பு நிறத்தில் பிரிட்டிஷ் டெலிபோன் கூண்டு ஒன்றுகூட நிற்கிறது. உள்ளே போன் கிடையாது, புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போகலாம், வைத்துவிட்டும் போகலாம்.

டஸ்கனியில் லூக்கா நகருக்கு வடக்கே, செர்கியோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையூருக்கு ஸ்காட்லாந்து எப்படி வந்து சேர்ந்தது? பசிதான் காரணம். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கு ஆண்கள் பிளாஸ்டரில் புனிதர் பொம்மைகளை வார்த்து, தட்டில் அடுக்கி, தெருத்தெருவாக விற்றுக்கொண்டே ஐரோப்பா முழுக்கப் போனார்கள். போனவர்களில் சிலர் கிளாஸ்கோ வரை போய்விட்டார்கள். அங்கே புனிதர்களைவிட ஐஸ்கிரீம் நன்றாக விற்றது. பிறகு மீன் வறுவலும் சிப்ஸும். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்களே என்று 1900களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துப் பாதிரியார்கள் ஐஸ்கிரீம் கடைகளுக்கு எதிராகப் பிரசங்கமே செய்தார்கள். இளைஞர்கள் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு நேராக ஐஸ்கிரீம் கடைக்குத்தான் போயிருப்பார்கள்.

அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வருகிறார்கள். அவர்களில் ஒரு அப்பாவையும் மகளையும் பின்தொடர்ந்து போவோம். அப்பா பிறந்து வளர்ந்தது பார்காவுக்கும் மேலே, ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சொம்மொகொலோனியா என்ற குட்டிக் கிராமத்தில். மீசை முளைக்கும் வயதில் கிளாஸ்கோவில் சித்தப்பாவின் மீன் வறுவல் கடைக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே கடை வைத்து, கல்யாணம் கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். மகள் கிளாஸ்கோக்காரி. அவளுக்குத் தெரிந்த இத்தாலியன் முழுக்க அப்பா திட்டும்போது காதில் விழுந்தது.

கிளாஸ்கோ மழையில் குடையில்லாமல் நடந்து பழகிய அந்த மனிதர், பீசாவில் விமானத்தைவிட்டு இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறார். சொந்த ஊர்க் காற்று என்றால் அவருக்குப் பயம். கழுத்தில் காற்றுப் பட்டால் பிடித்துக்கொள்ளும், வியர்வையோடு நின்றால் நெஞ்சில் இறங்கிவிடும் என்று ஆகஸ்ட் வெயிலில் கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். வழியெல்லாம், தான் பள்ளிக்கு நடந்த கதை. சொம்மொகொலோனியாவிலிருந்து இறங்கி மறுபடி ஏறிய அந்தத் தூரம் ஒவ்வொரு வருடமும் ஒரு கிலோமீட்டர் கூடும். இப்போதைக்கு அது சுவிட்சர்லாந்து எல்லையை நெருங்கிவிட்டது. 2002லேயே யூரோ நாணயம் வந்துவிட்டாலும் விலைகளை இன்னமும் லிராவில் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு மயங்கி விழப் பார்க்கிறார்.

சொம்மொகொலோனியா வந்தால், அப்பாவின் கூடப்பிறந்த அத்தை வாசலிலேயே நிற்கிறார். இரண்டு கன்னத்திலும் முத்தம். உடனே, “இளைச்சுப் போயிட்டியே!” ஸ்காட்லாந்தில் ஆறு மாதமாக டயட்டில் இருந்தும் எடை குறையாதவளுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு வேண்டுமா? ஆனால் வீட்டுக்குள் நுழைய முடியாது. உயிரோடு இருப்பவர்களைப் பார்ப்பதற்கு முன் செத்துப்போனவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் சட்டம். நேரே கல்லறைத் தோட்டம். இத்தாலியக் கல்லறைகளில் பீங்கான் வில்லையில் பதித்த புகைப்படம் இருக்கும். அத்தை ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று மகளை அறிமுகப்படுத்துகிறார், இறந்தவருக்கு. கொள்ளுத்தாத்தா ஒருவரின் படத்தில் அச்சு அசலாக அவளுடைய மூக்கு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேலிக்கெல்லாம் காரணம் யார் என்று அன்றுதான் தெரிந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். முதலில் ஈரல் தடவிய ரொட்டித் துண்டுகள். பிறகு ஃபார்ரோ சூப். கார்ஃபஞ்ஞானா மலைப்பகுதியின் இந்தப் பழங்காலக் கோதுமையைப் பயற்றோடு சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் வேகவைத்துத் தருகிறார்கள். இதுதான் சாப்பாடு என்று நினைத்து மகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள். அதற்கு அப்புறம்தான் கறி பொதிந்த தொர்தெல்லி பாஸ்தா வந்தது. அதற்குப் பின்னால் முயல். “போதும்” என்றால் அத்தைக்கு அது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்கிறார். டாக்டருக்கு முயல்கறியே மேல்.

கடைசியில் நெச்சி. இதை அவர் செய்கிற அழகைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கஷ்கொட்டை மாவு, தண்ணீர், உப்பு, வேறு எதுவும் கிடையாது. நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகளை அடுப்பில் சுடவைத்து, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கை எண்ணெயில் தொட்டு அதன் மேல் தேய்க்கிறார். நம் வீட்டில் தோசைக்கல்லுக்கு வெங்காயம் தேய்ப்பது போலத்தான். ஒரு கரண்டி மாவை ஊற்றி, மேல் தட்டால் அழுத்தி, மணிக்கட்டை ஒரே சுழற்றலில் திருப்புகிறார். புகை மணத்தோடு பழுப்பு நிறத்தில் வருவதை ரிக்கோட்டா பாலாடைக் கட்டி வைத்துச் சுருட்டித் தருகிறார். அந்தப் புகை மணம் கஷ்கொட்டையைக் கல் குடிசைகளில் வாரக்கணக்கில் கீழே நெருப்பு மூட்டி உலர்த்துவதால் வருவது.

“இதையே காலையும் ராத்திரியும் தின்னு வெறுத்துப்போய்த்தான் நான் ரயிலேறினேன்” என்கிறார் அப்பா, நான்காவது நெச்சியைக் கையில் வைத்துக்கொண்டு. ஏழையின் மாவாக இருந்த கஷ்கொட்டை மாவு இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயரோடு, கோதுமை மாவைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறது. விலையை அவர் லிராவுக்கு மாற்றிப் பார்த்தார். ஐந்தாவதும் சாப்பிட்டார்.

சாப்பாடு செரிக்க ஊரைச் சுற்றி ஒரு நடை. இங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. 1944 டிசம்பர் 26 அன்று ஜெர்மன், இத்தாலியப் படைகள் சொம்மொகொலோனியாவைத் தாக்கின. ஊரைக் காத்து நின்றவர்கள் அமெரிக்காவின் 92ஆவது டிவிஷனின் கறுப்பின வீரர்கள். அவர்களில் ஜான் ஃபாக்ஸ் என்ற லெப்டினன்ட், எதிரி சூழ்ந்துவிட்டதைப் பார்த்து, தான் நின்ற இடத்தின் மீதே பீரங்கியால் சுடச் சொன்னார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவர் பெயருக்கு வந்து சேர 1997 ஆயிற்று. அந்தத் தாக்குதலுக்குப் பின் உடைந்துபோன போர்முனையைத் தாங்கிப் பிடிக்க அவசரமாக இங்கே வந்து நின்றது எட்டாவது இந்திய டிவிஷன். நம் நாட்டு வீரர்களின் காலடி பட்ட ஊர் இது. இதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லித்தருவதில்லை.

மாலையில் பார்கா தேவாலயத்தின் முற்றத்தில் நின்றால் எதிரே அப்புவான் ஆல்ப்ஸ் மலையில் ஓட்டை விழுந்த சிகரம் தெரியும். பெயர் மொந்தே ஃபொராத்தோ. சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்து, அந்த ஓட்டை வழியே மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை அஸ்தமிக்கும். நவம்பரிலும் ஜனவரியிலும் சில நாட்கள்தான். ஆகஸ்டில் வருகிற ஒவ்வொரு உறவினரிடமும் இதை விலாவாரியாக வர்ணித்து, “ஜனவரியில வந்திருக்கணும் நீங்க” என்று முடிப்பது பார்காக்காரர்களின் விருந்தோம்பலில் சேர்த்தி.

அன்றிரவு அத்தை ஒரு விசேஷ விருந்து ஏற்பாடு செய்திருந்தார். மகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு, டஸ்கனியின் ஆதி மலைச் சமையல் ஏதோ கிடைக்கப்போகிறது என்று கிளம்பினாள். கூட்டிப்போன இடம் கால்பந்து மைதானம். அங்கே பார்காவின் புகழ்பெற்ற மீன்-சிப்ஸ் திருவிழா! கால்பந்துக் கிளப்பின் தொண்டர்கள் வியர்க்க விறுவிறுக்க மீன் பொரித்துக்கொண்டிருக்க, நீள மேசைகளில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து மீன்-சிப்ஸ் வாடையிலேயே வளர்ந்து, அதிலிருந்து தப்பிக்க ஆயிரம் மைல் பறந்து வந்தவள் முன்னால் ஒரு தட்டு வைக்கப்பட்டது. அத்தை பெருமையோடு சொன்னார்: “சாப்பிடு, எங்க ஊர் ஸ்பெஷல்.”

அப்பா சாப்பிடவில்லை. மாவுப் பதத்தை ஆராய எழுந்து பொரிக்கும் இடத்துக்கே போய்விட்டார். எண்ணெய்ச் சூடு போதாது என்பது அவர் தீர்ப்பு. இரவு முழுக்க அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

அந்த மைதானத்தின் பெயர் ஜானி மோஸ்கார்தினி. 1897ல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில், பார்காவிலிருந்து போன குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் இத்தாலிக்காகச் சண்டையிட்டு, 1921 முதல் 1925 வரை இத்தாலி அணிக்கு 9 ஆட்டங்கள் ஆடி 7 கோல் அடித்துவிட்டு, ஸ்காட்லாந்துக்கே திரும்பி கஃபே நடத்தினார். இந்தக் குடும்பத்திலும் அதே இரண்டு ஊர்ப் பாசம்தான். கிளாஸ்கோவில் ஞாயிறுதோறும் ஃபார்ரோ சூப் கொதிக்கவைத்து ஊர்ச் சமையலைக் காப்பாற்றுகிறவர் அப்பா. இங்கே மலையில் மீன்-சிப்ஸ் விருந்து வைத்து ஸ்காட்லாந்தைக் காப்பாற்றுகிறவர் அத்தை. இருவரில் அத்தைதான் இதைச் சிரித்துக்கொண்டே செய்கிறார்.

மீன் திருவிழா ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடக்கிறது. ரயிலில் போகிறவர்கள் கவனிக்க: பார்கா-கல்லிகானோ நிலையம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, ஊர் சில கிலோமீட்டர் மேலே. அத்தை முறையில் யாராவது அங்கே இருந்தால், மதியம் அவர் வீட்டுக்கும் இரவு மைதானத்துக்கும் ஒரே நாளில் வருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.