பல்லைக் கடித்தது போதும்

கேள்வி: பல்லில் பழுதில்லை என்று பல் வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனாலும் காலையில் எழும்பினால் தாடை நோகிறது. ஏன்?
– ஒரு வாசகி, சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ

பதில்: 'பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தைத் தள்ளினோம்' என்போமே, தங்கச்சி, உங்கள் தாடை அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகொண்டிருக்கக்கூடும். கவலையோடு படுத்தால் நித்திரையிலும் பல் நெரிபடும். இரவெல்லாம் உழைத்த தசை காலையில் நோகாதா?

பகலையும் கவனியுங்கள். தை மாதக் குளிரில் ஷேர்போர்ன் தெருவில் பஸ்ஸுக்கு நிற்கையில் பற்களை இறுக்குகிறோம். ஊருக்குக் கதைக்கையில் ஃபோனைத் தோளில் இடுக்குகிறோம். சூயிங்கம், நகம், பேனை மூடி, ஐஸ்கட்டி, ஒரே பக்கமாக மெல்லும் பாக்கு: எல்லாச் சுமையும் காதுக்கு முன்னாலுள்ள அந்தச் சின்ன மூட்டுக்குத்தான்.

உதடு சேரட்டும், பல் பிரியட்டும், நாக்கு மேலண்ணத்தில் மெல்லச் சாயட்டும். அதுதான் தாடையின் ஓய்வு. சில நாள் மென்மையான சாப்பாடும் இளஞ்சூட்டு ஒத்தடமும் உதவும். வாய் பூட்டிக்கொண்டாலோ நோவு வாரக்கணக்கில் நீடித்தாலோ மீண்டும் வைத்தியரிடம் போங்கள். இரவில் போடப் பற்காப்பு தரக்கூடும்.

மனதில் பாரமிருந்தால், பல்லைக் கடிக்காமல் வாயைத் திறந்து நெருங்கியவரிடம் சொல்லுங்கள். தாடையும் ஆறும், மனமும் ஆறும்.