பழுது நீக்கும் வினைகளின் வரிசைமரியாதை: ஆங்கிலச் சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

உடைந்ததைச் சரிசெய்ய ஆங்கிலேயருக்கு ஒரு வினைச்சொல் போதவில்லை. மெண்ட், ரிப்பேர், ஃபிக்ஸ், டார்ன், ரெஸ்டோர், ஓவர்ஹால் என ஒரு பட்டாளமே வைத்திருக்கிறார்கள். இவை யாவும் ஒருபொருட் பன்மொழி என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? எனின், எந்த வினை வரும் என்பதை முடிவு செய்வது சேதத்தின் அளவன்று, சேதமான பொருளின் அந்தஸ்தே என்பது எம் துணிபு.

காலுறையில் ஓட்டை விழுந்தால், ஊடும் பாவுமாக நூலோட்டி அடைப்பது 'டார்ன்'. அதே ஊசி அரண்மனையின் சித்திரத் திரைச்சீலையைத் தொட்டால் வினை 'கன்சர்வ்' என்று உயர்ந்துவிடும். ஊசி பிடிப்பவரின் சம்பளமும் உடன் உயரும். செருப்புக்கும் இதே கதைதான். பழைய லண்டனில் புதுத் தோலில் செய்பவர் கார்ட்வெய்னர். ஸ்பெயினின் கார்டோபா நகரத்துத் தோலால் வந்த கௌரவப் பெயர். பழசைத் தைப்பவர் வெறும் காப்ளர். 'காப்ள்' என்றாலே இன்று அவசரத்துக்கு ஒப்பேற்றுதல்.

'மெண்ட்' துணிக்கும் வேலிக்கும் உரியது. எலும்புக்கும் மனத்துக்கும்கூட வரும். எலும்பு தானாகவே 'மெண்ட்' ஆகும். கார் ஆகாது, எத்தனை நாள் ஷெட்டில் நிறுத்தினாலும் ஆகாது. இந்த எளிய வினைக்கும் ஒருமுறை பதவி உயர்வு கிடைத்தது. 1941இல் துணிக்கு ரேஷன் வந்தபின், 1943இல் பிரிட்டிஷ் அரசே கிழிசல் தைக்கக் கையேடு போட்டு அதைத் தேசபக்தியாக்கியது.

'ஃபிக்ஸ்' அமெரிக்காவில் கொழுத்த சொல். அங்கு போய்வந்த டிக்கன்ஸ், உடுத்துவது, சாப்பாட்டு மேசையைத் தயார்செய்வது, வைத்தியர் நோயைத் தீர்ப்பது எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறார்களே என்று 1842இல் வெளியான தம் பயண நூலில் கேலி செய்தார். இன்று ஆட்டம் தொடங்குமுன்பே பேரம் பேசி முடிவைத் தீர்மானிப்பதும் 'ஃபிக்ஸ்'தான். 'பாட்ச்' (botch) கதை இன்னும் பரிதாபம். ஆதியில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதற்கு வழங்கிய நல்ல சொல். ஒட்டியவர்களின் லட்சணத்தால் இன்று சொதப்புவதைக் குறிக்கிறது.

இனி, எந்த வினைக்கும் அடங்காத வழக்கொன்று. 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கிய பிக் பென் மணி, செப்டம்பரிலேயே விரிசல் விட்டது. கடிகாரத்தை வடிவமைத்த எட்மண்ட் பெக்கெட் டெனிசன் மாட்டச் சொன்ன சுத்தியல் அளவுமீறிய கனம் என்றது வார்ப்படக்காரர் தரப்பு. வார்ப்பிலேயே கோளாறு என்றார் டெனிசன். சில ஆண்டுகள் கழித்து மணியைச் சற்றுத் திருப்பி, இலேசான சுத்தியல் மாட்டி, விரிசல் பரவாதிருக்க ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்தார்கள். விரிசல் அப்படியே இருக்கிறது, மணியும் அடிக்கிறது. இது மெண்டும் அன்று, ரெஸ்டோரும் அன்று. அடிபடாத பக்கத்தைக் காட்டி நிற்றல் என்க.

அந்த டெனிசனே பின்னாளில் கிரிம்தோர்ப் பிரபுவாகி, 1880களில் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தைத் தம் விருப்பப்படி இடித்தும் கட்டியும் புதுப்பித்தார். இத்தகைய கைகளிலிருந்து பழைய கட்டடங்களைக் காக்கவென்றே 1877இல் வில்லியம் மாரிஸ் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். என்ன பயன், காசு பிரபுவுடையது. கைவசமிருந்த வினைகள் எவையும் இந்தத் திருப்பணிக்குப் போதவில்லை. கலைநயமின்றிக் காசை இறைத்துப் பழங்கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கு 'கிரிம்தோர்ப்' என்றே ஒரு வினையைப் படைத்துக்கொண்டனர்.