காதோர நரையும் இரும்புச் சட்டியும்: ஒரு சமையலறை ஆய்வு

நரை மறைக்கும் துறையின் ஆய்வுக்கூடம் அடுப்படி. தலைமை ஆய்வாளர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணி. ஆய்வுக்கு உட்படுவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்பிக்கத் தெரியாமல் அகப்பட்ட ஏதாவது ஒரு தலை. நரையைக் கறுப்பாக்கும் கொள்கையில் ஆய்வாளர்கள் பல தரப்பாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

பீட்ரூட் தரப்பின் வாதம் எளிது: நறுக்கிய கையெல்லாம் சிவக்கிறதே, தலை சிவக்காதா? சிவக்கும், அடுத்த குளியல் வரை. பீட்ரூட்டின் நிறமி நீரில் கரைவது. முடியின் கெரட்டினோடு நிலைத்த உறவு வைத்துக்கொள்ளாது. தலையணை உறையோடு வைத்துக்கொள்ளும். காபித் தரப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிகாக்‌ஷனைக் குடித்துவிடுவதே உத்தமம்.

மருதாணித் தரப்புக்குத்தான் அறிவியல் அடித்தளம் உண்டு. இலையிலுள்ள லாசோன் என்னும் பொருள் கெரட்டினைப் பற்றிக்கொண்டு விடாது. ஆனால் அது தருவது கருமையல்ல, செம்மை. முழு வெள்ளை முடியில் பளீரென்ற ஆரஞ்சு. இதைச் சரிக்கட்டத்தான் தேயிலைச் சாற்றில் குழைத்து இரும்புச் சட்டியில் இரவு முழுக்க ஊறவைப்பது. தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சிய முன்னோர் கண்ட வேதியியல் இதுவே. எவர்சில்வர் கிண்ணத்தில் ஊறவைத்துவிட்டு மருதாணியைக் குறை சொல்வோரின் முடிவுகளை இவ்வாய்வு ஏற்பதற்கில்லை. ஆனால் இரும்புச் சட்டியும் நிறத்தைச் சற்று ஆழமாக்கிப் பழுப்பில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான்.

கறுப்புக்கு அவுரி வேண்டும். திண்டிவனம் பக்கம் விளையும் அதே நீலச்செடி. மருதாணியை அலசியபின் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். காற்றுப்பட்டால்தான் நீலம் உருவாகும். அது கிண்ணத்திலேயே உருவாகி முடிந்துவிட்டால் முடிக்குள் புகாது. மருதாணியிடம் காட்டிய பொறுமையை அவுரியிடமும் காட்டி, இரவெல்லாம் ஊறவைத்தவர்கள் கண்ட பலன் கிண்ணத்தின் நிறமாற்றம் மட்டுமே. முதல் நாள் தலையில் பச்சைச் சாயல் தெரியலாம். கறுக்க ஓரிரு நாள் ஆகும். கல்யாணத்துக்கு முந்தின இரவில் ஆய்வைத் தொடங்குவோர் இதைக் கருத்தில் கொள்க.

சில நிமிடங்களில் கறுப்பாக்கும் 'ஹெர்பல்' பொட்டலங்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. அவற்றை வாங்குவோர், பொடி எழுத்தில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சிலருக்கு அது தோலைப் புண்ணாக்கிவிடும்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. எனவே இரும்புச் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்ற வேண்டாம்.