தப்பு காய்கிறது

நாட்டார் இசை விழா ஆறு மணிக்கு என்றது அழைப்பிதழ். பிலிமத்தலாவைப் பித்தளைக் குத்துவிளக்கில் திரி ஐந்து, ஏற்ற வந்த பிரமுகர்கள் பதினொருவர். மெழுகுவர்த்தி கைமாறியே உருகிப்போனது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை.

மேடைக்குப் பின்னால் தப்புக்காரர்கள் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். சூடேறினால்தான் தோல் இறுகும். ஒவ்வோர் உரை முடிவதற்குள்ளும் பனியில் அது மறுபடி தளர்ந்தது.

மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றும் தேயிலைத் தோட்டங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிரதம விருந்தினர் மன்மதன் ஒருவன்தான். அவனையும் கடைசியில் எரித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தோட்ட லயத்தை எழுப்பியது இதே தப்புதான். ஒன்பதரைக்கு ஒருவழியாக முழங்கியபோதும் அதற்கு அதே வேலைதான்: முன்வரிசை விழித்துக்கொண்டது.