பருத்திக் காட்டுப் பாட்டு

கே: எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சித் ஸ்ரீராமின் 'அடியே' பாடிய ஆர்க்கெஸ்ட்ராக்காரருக்குப் பாதியில் மூச்சு வாங்கிவிட்டது. சித் ஸ்ரீராம் பாடுவது கர்நாடக சங்கீதமா, 'ஆர் அண்ட் பி'யா?
- ஒரு வாசகர், வேப்பந்தட்டை

ப: இரண்டும்தான். 1990-ல் சென்னையில் பிறந்து, ஒரு வயதில் கலிபோர்னியா போனவர். வீட்டுக்குள் அம்மா லதாவிடம் கர்நாடகப் பாட்டு. வாசலைத் தாண்டினால் ஆர் அண்ட் பி. பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தார். 'கடல்' (2013) படத்தில் ரஹ்மான் கொடுத்ததுதான் அந்த 'அடியே'. 'ஐ' படத்து 'என்னோடு நீ இருந்தால்' ஃபிலிம்ஃபேர் விருது வாங்கித் தந்தது. 2023-ல் 'சித்தார்த்' என்று ஆங்கில ஆல்பமும் போட்டார்.

ஒரே எழுத்தை ஏழெட்டு ஸ்வரத்தில் இழுப்பதற்கு நாம் பிருகா என்கிறோம். ஆர் அண்ட் பி-யிலும் அதே வித்தைதான். சித் இழுக்கிற இழுப்பில் சொல் கரைந்துவிடுகிறது என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா? ஆர் அண்ட் பி-யின் தாயான ப்ளூஸும் மிசிசிப்பிப் பருத்திக் காடுகளில், கறுப்பினத் தொழிலாளர்கள் தொண்டையில் வளர்ந்ததுதான். அவர்களுடைய இசைத்தட்டுகள் 'இனத் தட்டுகள்' என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. 1949-ல்தான் பில்போர்டு பத்திரிகை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' (ஆர் அண்ட் பி) என்று அந்தப் பெயரை மாற்றியது.

ஆர்க்கெஸ்ட்ராக்காரரை மன்னித்துவிடுங்கள். பந்தியில் சாம்பார் வாளி ஓடும்போது உச்சஸ்தாயி பிடிக்க பெர்க்லியிலும் பாடம் கிடையாது.