ஆடு பரிசு, மாடு சின்னம்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையில், தமிழ்நாட்டின் சார்பில் தலைகாட்டியவர் ஒரே ஒருவர்தான். பெயர் காங்கேயன். கொம்பு உண்டு, திமில் உண்டு, வயதுச் சான்றிதழில் வில்லங்கம் ஏதும் கிடையாது. போட்டியின் அதிகாரப்பூர்வச் சின்னமான காளை அவர். முதலமைச்சரே அறிமுகம் செய்துவைத்தார். இந்திய அணிப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை. அவரை விட்டால் தமிழ்நாட்டிலிருந்து வேறு யார் பெயரும் இல்லை. பஞ்சாப் பையன்கள் இருந்தார்கள், ஒடிசா பையன்கள் இருந்தார்கள், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், பக்கத்துக் கர்நாடகம்கூட இருந்தது. பந்தல் போட்டு, பந்தி விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்த நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கும் அந்தப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னதும் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருப்பார். "திறமைக்கு மாநில எல்லை ஏது சார்? தேர்வு முழுக்கத் தகுதி அடிப்படையில்தானே?" என்பார். ஒப்புக்கொள்கிறேன். யாரும் இங்கே இட ஒதுக்கீடு கேட்கவில்லை. என் கோபமே அந்தத் தகுதியைப் பற்றியதுதான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியில் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்ற அணிகளில் நம் ஊர்க்காரர் ஒருவர்கூடக் கிடையாது. நடுவில் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு அரியலூரின் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் போனார்கள். இரண்டு பேர் போனதற்கே "தமிழக ஹாக்கியின் மறுமலர்ச்சி" என்று மாலை, சால்வை, ஃப்ளெக்ஸ் எல்லாம் தூள் பறந்தன. அந்த இருவருக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. சால்வை போர்த்தும்போது எல்லோரும் கேமராவைப் பார்த்துத்தானே நிற்பார்கள்.

இந்திய ஜூனியர் அணிக்கே வருவோம். 2001இல் ஹோபர்ட்டிலும் 2016இல் லக்னோவிலும் கோப்பையை வென்ற அணி இது. அதன் பிறகு என்ன ஆயிற்று? 2021 புவனேஸ்வர் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-4. 2023 கோலாலம்பூர் அரையிறுதியில் அதே ஜெர்மனியிடம் 1-4. 2025 சென்னை அரையிறுதியில் மறுபடியும் அதே ஜெர்மனியிடம் 1-5. கோல் வித்தியாசம் இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக ஏறுகிறது. இந்திய ஹாக்கியில் திட்டமிட்டதுபோல் நடக்கிற ஒரே காரியம் இதுதான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "நல்ல அனுபவம், பாடம் கற்றோம்" என்று ஓர் அறிக்கை வருகிறது. பாடம் என்னவோ அப்படியே இருக்கிறது, வகுப்புதான் மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்று உலகக் கோப்பைக்கு மூன்று வெவ்வேறு பயிற்சியாளர்கள்.

அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கிடந்தவர்கள், கடைசிப் பதினோரு நிமிடத்தில் நாலு கோல் அடித்து வென்றார்கள். அதைப் பார்த்தும் உடம்பு சிலிர்க்காதவர் வேறு விளையாட்டு பார்க்கப் போகலாம். ஆனால் நம் ஆட்கள் அந்தப் பதினோரு நிமிடத்தை வைத்து மிச்ச நாலு வருடத்தையும் போர்த்தி மூடிவிடுவார்கள். ஓமனுக்கு எதிராகப் போட்ட 17 கோல் வேறு கைவசம் இருக்கிறது. பாகிஸ்தான் வராததால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட அணி ஓமன். அந்த ஸ்கோரை வைத்து இந்திய ஹாக்கியின் எதிர்காலம் ஒளிமயமானது என்று பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நம் சங்கங்களில் என்றைக்கும் பற்றாக்குறை இருந்ததில்லை.

பயிற்சியாளர் என்ற பிறவியை நாம் நடத்தும் விதம் இருக்கிறதே, அது தனிக் காவியம். சீனியர் அணிக்கு 2015இன் தொடக்கத்தில் ஹாலந்துக்காரர் பால் வான் ஆஸ் வந்தார். ஜூலைக்குள் ஆளைக் காணோம். ஆண்ட்வெர்ப் மைதானத்திலேயே சங்கத் தலைவரோடு வாக்குவாதம், அதோடு வேலை போயிற்று. 2016இல் ஜூனியர் கோப்பையை வென்று தந்த ஹரேந்திர சிங் 2018இல் சீனியர் அணிக்கு உயர்த்தப்பட்டார். அந்த ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் அணி தோற்றதும், 2019 ஜனவரியில் அவரை இறக்கிவிட்டு, "திரும்ப ஜூனியருக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒருமுறை கவனியுங்கள். ஜூனியர் அணிக்கு நம் நிர்வாகிகளின் மனதில் என்ன இடம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தண்டனைக்கு ஆள் அனுப்புகிற இடம். காவல்துறையில் ஆயுதப்படைக்கு மாற்றுவார்களே, அந்த ரகம்.

அடுத்து கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். 2024 ஆகஸ்ட்டில் பாரிஸில் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார், கையோடு ஜூனியர் அணியை ஒப்படைத்தார்கள். உலகக் கோப்பைக்கு இருந்தது பதினைந்து மாதம். மனிதர் அதற்குள் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பையும் வென்று, சென்னையில் வெண்கலமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பராக இருந்தவரின் உழைப்பில் சந்தேகமே இல்லை. ஆனால் தேசிய முகாமுக்கு வரும் பையனுக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. அவன் கையும் கண்ணும் என்ன பழகவேண்டுமோ அதைப் பன்னிரண்டு வயதிலேயே பழகி முடித்துவிடுகின்றன. அந்தப் பன்னிரண்டு வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்தத் தரையில்?

தரை விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானத்தில் பந்து நேராக வராது. கல்லில் பட்டுத் துள்ளும், குழியில் திரும்பும். அதனால் அங்கே பழகுகிற பையன் தலையைக் குனிந்து, பந்து மட்டையில் படும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மேல் தப்பில்லை, பார்க்காவிட்டால் முழங்காலோ பல்லோ போய்விடும். தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், பந்து கோடு போட்டதுபோல் சறுக்கி, இன்னும் வேகமாக வரும். அங்கே பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி, வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். ஜெர்மன் பையன் அப்படித்தான் பார்க்கிறான். நம் பையன் குனிந்து பந்தை நிறுத்தி நிமிர்வதற்குள் எதிராளி மட்டையை நீட்டியாயிற்று. குனிகிற பழக்கத்தைப் பதினெட்டு வயதில் மூன்று மாத முகாம் போட்டு மாற்ற முடியாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் செயற்கைத் தரை வந்து, நாம் ஏழாவது இடத்துக்குப் போனபோதே உலகம் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு ஆகிறது, நம் மாவட்டங்களுக்குத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியட் என்று ஒன்று உண்டு. நேர அட்டவணையில் மட்டும் உண்டு. அதைக் கணக்கு வாத்தியார் பாதி, அறிவியல் டீச்சர் பாதி என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அந்தப் பாவனைகூடக் கிடையாது. உடற்கல்வி ஆசிரியருக்கோ பிரேயரில் வரிசை பிடிக்கவும், முடி வெட்டாதவனை ஓரங்கட்டவும், அமைச்சர் வரும் நாளில் பேண்டு வாத்தியக் குழுவை அணிவகுக்க வைக்கவுமே நேரம் சரியாக இருக்கிறது. பீரோவுக்குள் பூட்டியிருக்கும் ஆறு ஹாக்கி மட்டைகள் ஆய்வு அதிகாரி வந்தால் வெளியே வரும், எண்ணி முடித்ததும் உள்ளே போகும். கையெழுத்து சரியாக இருந்தால் "விளையாட்டு மேம்பாடு" நடந்துவிட்டதாகப் பொருள்.

இந்த வலையில் சிக்காமல் தப்பிய பையன் செலக்‌ஷனுக்குப் போகிறான். அங்கே அவனுக்கு முன்னால், அவன் வயதுக்காரன் என்று சான்றிதழ் சொல்கிற, தினமும் சவரம் செய்கிற ஒருவன் நிற்கிறான். பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு மீசையோடு வருகிறவனைப் பிடிக்க மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் நிலைமைக்கு இந்த நாட்டு விளையாட்டு வந்து பல காலம் ஆகிறது. கோப்பைக் கணக்குக்காக வயதைக் குறைத்துக் கொண்டுவரப்படுகிறவன் இருபத்தொன்றில் காணாமல் போவான். உண்மையான வயதோடு வந்தவன் பதினாறிலேயே வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டு பேரையும் இழந்துவிட்டு, மாவட்டக் கோப்பையை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்கிறோம்.

தேர்வாகி மேலே போனவன் கதி? 2016 அணியின் தலைவர் ஹர்ஜீத் சிங்கைப் பற்றி 2018இல் திரைப்படமே வந்துவிட்டது. சீனியர் அணியில் அவர் நிலைக்கவில்லை. அதே அணியிலிருந்து ஹர்மன்ப்ரீத் சிங் இந்திய அணித் தலைவராக உயர்ந்தார், இன்னும் சிலர் ஒலிம்பிக் பதக்கம் அணிந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மற்றவர்கள் ரயில்வே, ராணுவம், எண்ணெய் நிறுவனம் என்று வேலை தேடித்தான் போகிறார்கள். தேடாமல் என்ன செய்வார்கள்? புத்துயிர் பெற்ற ஹாக்கி இந்தியா லீக்கில் ஒவ்வொரு அணியும் நாலு ஜூனியர்களை எடுத்தே ஆகவேண்டும் என்று விதி வைத்தார்கள், நல்ல விதிதான். லீக் நடப்பது ஏறக்குறைய ஒரு மாதம். மிச்சப் பதினோரு மாதம் அந்தப் பையன் எங்கே, யாரோடு, என்ன ஆட்டம் ஆடுவான் என்பதற்கு எந்த விதியும் இல்லை.

ஜெர்மனியில் ஆறு, ஏழு வயதில் குழந்தையைக் கிளப்பில் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் லீக் உண்டு, வாராவாரம் ஆட்டம் உண்டு, குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுகிறார்கள். எட்டு ஜூனியர் உலகக் கோப்பை வானத்திலிருந்து விழவில்லை. ஜெர்மனி பணக்கார நாடு என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்குப் போவோம். பழங்குடி கிராமங்களில் 'கஸ்ஸி' போட்டி என்று நடத்துகிறார்கள். ஜெயிக்கிற அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கிடா. ஆட்டம் முடிந்தால் அன்றைக்கே விருந்து. அப்படி ஊர் ஊராக ஆட்டுக்காக ஆடிய மண்ணிலிருந்துதான் திலீப் திர்க்கே வந்தார், அமித் ரோஹிதாஸ் வந்தார். இந்த ஜூனியர் அணியின் எக்காக்களும் குஜூரும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தாம். ஊர் ஆட்டம் முதலில் இருந்தது. அரசு அதற்கு மேல் 1985இல் பன்போஷ் விளையாட்டு விடுதியைக் கட்டியது, பிறகு மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை போடத் திட்டம் வகுத்தது, ரூர்கேலாவின் பெரிய ஸ்டேடியம் கடைசியாக வந்தது. நாம் கடைசிப் படியிலிருந்து தொடங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் ஆட்டைப் பரிசாகக் கொடுத்து ஆட்டக்காரர்களை எடுத்தார்கள். நாம் மாட்டைச் சின்னமாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் நம்மிடம் கோவில்பட்டி இருக்கிறது. கரிசல் காட்டில், தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் நடுவே, தலைமுறை தலைமுறையாக மட்டை பிடிக்கிற ஊர். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு அகில இந்திய அணிகள் வந்து ஆடுகின்றன, அரசின் சிறப்பு விளையாட்டு விடுதி இருக்கிறது. அந்த ஓர் ஊரும் ஒரு விடுதியும் ஒரு மாநிலத்தையே சுமக்கும் என்று விட்டுவிட்டால், 38 மாவட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை பையன்களைத்தான் அது பெற்றெடுக்கும்? ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டச் சிறு மையத்தில் பயிற்சியாளராக அமரும் முன்னாள் வீரருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அதாவது மாதம் 25 ஆயிரம். உலகக் கோப்பையை நடத்த ஆன செலவில் இப்படி எத்தனை பேரை அமர்த்தியிருக்கலாம் என்று கணக்குப் போட வேண்டியவர்கள் அன்றைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

போட்டி முடிந்தது, நாடுகள் கிளம்பின, மதுரையில் புது டர்ஃப் அப்படியே கிடக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏழாம் வகுப்புப் பையனோ பெண்ணோ இருந்தால் அழைத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போங்கள். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், குழந்தைகளுக்கு எந்த நேரம், சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மட்டை இருக்கிறது என்று கேளுங்கள். வாட்ச்மேன் "ஆபீஸில் கேளுங்க" என்பார். ஆபீஸில் "சென்னையில் கேளுங்க" என்பார்கள். அப்போது எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.